ஐந்தாவது டேப்பட்

டேப்பட் திருகை அரைச் சுற்று தளர்த்தினாள். அதற்கு மேல் துணிச்சல் வரவில்லை.

திருகைப் பூட்டும் லாக் நட்டை இறுக்கினாள். எஞ்சின் தலைமேல் மூடியைப் போட்டு முடுக்கினாள். கையைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டாள்.

நன்றாக இருந்த எஞ்சினைக் கெடுத்தாயிற்று.

திறந்து கிடந்த பானெட்டுக்கு முன்னால், இரும்பு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அவள் கணவர். காலையில் சட்டை மாற்றி, தலை சீவி, அவள்தான் கொண்டுவந்து உட்காரவைத்தாள். வலது கை மடியில் கிடந்தது. இடது கை நாற்காலிச் சட்டத்தின் மேல் இருந்தது.

முப்பத்தொரு வருடம் மெக்கானிக். தெருவில் போகிற வண்டியில், வால்வைத் தள்ளும் டேப்பட் தளர்ந்துபோய் டக் டக்கென்று அடித்தால் சோற்றில் வைத்த கையை அப்படியே நிறுத்திவிடுவார். எத்தனையாவது டேப்பட் என்று சொல்வார். பிறகுதான் அடுத்த உருண்டை.

சொன்னது தப்பியதே இல்லை.

இந்தக் கார் அவருடைய சொந்தக் கார். இதில் வேறு யார் கையும் பட விடமாட்டார். வருடத்துக்கு இரண்டு முறை மூடியைக் கழற்றி, இடைவெளி அளக்கும் கேஜின் தகட்டை ஒவ்வொரு டேப்பட்டின் இடுக்கிலும் விட்டு, தானே சரிபார்ப்பார். அவள் டார்ச் பிடிக்க வேண்டும்.

பிடித்துப் பிடித்தே கற்றுக்கொண்டாள். அவர் ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. "லைட்ட ஆட்டாத" என்று மட்டும் சொல்வார்.

நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று. பேச்சு மட்டும்தானா என்று டாக்டருக்குச் சந்தேகம். ஆப்பிள் படத்தையும் பசு படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். அவர் சுவரைப் பார்த்தார்.

ஆப்பிளைப் பார்த்து இந்த மனுஷன் என்றைக்கு என்ன சொல்லியிருக்கிறார்? அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

திருப்பூரில் இருக்கும் மகள், அப்பா காதில் போனை வை என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். பார்க்க வருகிறவர்கள் அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். எல்லோரிடமும் அவள் சண்டை பிடித்தாள். அவருக்கு எல்லாம் புரிகிறது என்றாள்.

புரிகிறதா என்று அவளுக்கே தெரிய வேண்டியிருந்தது.

ஐந்தாவதைத்தான் தளர்த்தினாள். அவர் ஐந்து விரலைக் காட்டினால் போதும். வேண்டாம், முகம் சுளித்தால் போதும்.

காரில் ஏறிச் சாவியைத் திருப்பினாள்.

டக் டக் டக் டக்.

ஓட்டுக்கூரைக்கு அடியில் அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது. அவளுக்கே பல் கூசியது.

இறங்கி ஓடிவந்தாள். அவர் முன்னால் குனிந்தாள்.

"என்னங்க, கேக்குதுங்களா?"

அவர் வாசல் கேட்டின் மேல் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் நின்றாள். காக்கை பறந்துபோயிற்று. அவர் காக்கை இருந்த இடத்தையே பார்த்தார்.

டக் டக் டக் டக்.

அப்போதுதான் விரலைப் பார்த்தாள்.

இடது ஆள்காட்டி விரல். நாற்காலிச் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. வேகமாக, எஞ்சினோடு சேர்ந்து.

வண்டிக்காரர்களிடம் அவர் அப்படித்தான் காட்டுவார். மட்கார்டில் விரலால் தட்டி, இப்படித்தானே அடிக்குது என்பார்.

முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். மகளுக்குப் போன் போட வேண்டும். டாக்டருக்கும் போட வேண்டும். முதலில் சத்தத்தை நிறுத்த வேண்டும். நல்ல எஞ்சின். அவருக்குப் பொறுக்காது.

சாவியைத் திருப்பி அணைத்தாள்.

எஞ்சின் நின்றது.

விரல் நிற்கவில்லை.

டக் டக் டக் டக்.

அதே வேகம். வெறும் சட்டத்தின் மேல்.

அவள் தன்னையறியாமல் எண்ணிக்கொண்டு நின்றாள். நேற்றுச் சாயங்காலம் அவர் படுத்திருந்த கட்டிலோரத்திலும் இந்தச் சத்தம் கேட்டது. ஜன்னல் கதவு ஆடுகிறது என்று நினைத்துக் கொக்கி மாட்டிவிட்டு வந்தாள்.

கேட் திறந்தது. எதிர்வீட்டு ஆட்டோக்காரன் சென்னியப்பன். நல்லவன். பக்கவாதம் வந்த அன்றைக்கு அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன்தான்.

நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்து எஞ்சினை எட்டிப் பார்த்தான்.

"ஏனுங்க்கா, டேப்பட் இந்த அடி அடிக்குது? ரோடு வரைக்கும் கேட்டுதுங்க. அண்ணன் இருந்திருந்தா உட்டுருப்பாருங்களா?"

வேறொரு நாளாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். இதோ உட்கார்ந்திருக்கிறாரே, கண் தெரியவில்லையா என்று கேட்டிருப்பாள்.

"நான் வேணா பாக்கட்டுங்களா?"

அவள் தகர டப்பாவைத் திறந்தாள். எண்ணெய்த் துணியைப் பிரித்துக் கேஜை எடுத்தாள். அவர் கை மட்டுமே பட்டுத் தேய்ந்த கேஜ். அவனிடம் நீட்டினாள்.

"அஞ்சாவது," என்றாள்.

அவன் மூடியைக் கழற்றிக் குனிந்தான். உள்ளே இருட்டாக இருக்கிறது என்றான்.

அவள் டார்ச்சை எடுத்துப் பிடித்தாள்.

வெளிச்சம் ஆடியது. எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் ஆடியது.

"லைட்ட ஆட்டாத" என்று யாரும் சொல்லவில்லை.