காற்று இறங்கும் வரை

கிட்ட வந்து உட்காரு கண்ணு, பிரஷர் பார்க்கிற பட்டையைப் பற்றி ஒரு கதை சொல்கிறேன். சின்னக் கதைதான்.

மாத்திரை கொடுத்து மூன்று மாதமாகியும் குருவம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஜெபராணி சிஸ்டர் அவளிடம் எதைக் கேட்டாலும், பக்கத்தில் நின்ற புருஷன் தவசிமணிதான் பதில் சொன்னான்.

"மாத்திரை ஒழுங்கா போடுறியாம்மா?"

"அதெல்லாம் போடுறா சிஸ்டர். உப்பும் கம்மிதான்."

"நாக்கை நீட்டச் சொன்னாலும் இவருதான் நீட்டுவாரு போல!" என்று சிரித்தாள் சிஸ்டர். "வந்ததுக்கு உங்களுக்கும் பாத்துருவோம் அண்ணாச்சி." அவன் கையில் பட்டையைச் சுற்றினாள். "காத்து இறங்குற வரைக்கும் பேசக்கூடாது. பேசினா தப்பாக் காட்டும்."

பட்டை உப்பியது. அவன் வாயை மூடிக்கொண்டான். சிஸ்டர் குருவம்மாவைப் பார்த்தாள்.

"அந்த மாத்திரை போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது சிஸ்டர்," என்றாள் குருவம்மா, தரையைப் பார்த்தபடி. "கக்கூஸு வெளிய இருக்கு. இவரு காலையில என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போனா, பொழுது சாஞ்சுதான் தொறப்பாரு. அதான் போடுறதில்ல."

தவசிமணியின் உதடு பிரிந்தது.

"ம்ஹூம். பேசாதீங்க அண்ணாச்சி." இறங்கத் தொடங்கியிருந்த பட்டைக்குள் சிஸ்டர் மறுபடியும் காற்றை அழுத்தினாள். "நீ சொல்லும்மா. எத்தனை வருஷமா?"

குருவம்மா விரல் மடக்கத் தொடங்கினாள். ஒரு கை முடிந்து மறு கையை எடுத்தாள்.

கதை கேட்ட உன் வீட்டுக் கதவெல்லாம் உள்ளேயிருந்தும் திறக்கட்டும், தாயி.