நாலு பாகை

பெட்டியின் திரையில் நாலு பாகை என்றிருந்தது. திருத்த வந்த நான் குளிர் அறைக் கதவைத் திறந்து என் வெப்பமானியை உள்ளே நீட்டினேன். பதினான்கு.

உள்ளே கோசலா அக்காவின் அம்மா மூன்று நாளாகக் கிடக்கிறார். லண்டனிலிருந்து மூத்த மகன் சுதாகரன் வந்து கொள்ளி வைக்கவேண்டும். அதுவரை வைத்திருக்கத்தான் ஊர்காவற்றுறை மண்டபத்தின் பின்னால் இந்த அறை.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச்சனம் காசு சேர்த்துக் கட்டியது. கொடுத்தவர்களின் பெயர்க்கல் கதவைவிடப் பெரிது. மண்டபத்து விளக்கு, காற்றாடி, குளிர் அறை எல்லாவற்றையும் ஆளுகிற பெட்டியொன்றையும் அனுப்பியிருந்தார்கள். அதிலுள்ள சின்ன விளக்குகளுக்கு என்ன அர்த்தம் என்பதை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

"பச்சை எரியுதுதானே தம்பி? நான் கண் வெட்டாமல் பாத்துக்கொண்டெல்லோ இருந்தனான்," என்றார் பக்கத்தில் நின்ற கோசலா அக்கா.

பச்சை எரிந்தால் மின்சாரம் இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது விளக்கு விட்டுவிட்டு மின்னினால்தான் பெட்டி வேலை செய்கிறது. மூன்றாவது, மஞ்சள், மின்னினால்தான் அறையின் குளிர் எவ்வளவு என்று பெட்டிக்குத் தெரிகிறது. இரண்டும் மின்னவில்லை. பெட்டி எப்போதோ நின்றுபோய், கடைசியாகத் தெரிந்த நாலையே காட்டிக்கொண்டிருந்தது.

இதைச் சொன்னபோது அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பெட்டியை நிறுத்தி, வயரைக் கழற்றி, திரும்பவும் மாட்டினேன். இரண்டாவது மின்னியது. கொஞ்சம் பொறுத்து மஞ்சளும். குளிர் மெசின் முனகிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

நாளை மதியம்வரை தாங்கும் என்றேன். அக்கா என்னைக் கும்பிட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அப்போது மதியம் ஒரு மணி; லண்டனில் இன்னும் காலை. அக்கா உடனே அண்ணனுக்கு அழைத்தார். காலையில் பேசும்போது டோகா விமான நிலையத்தில் நிற்பதாகவும், நாளை விடிய ஊரில் நிற்பேன் என்றும் சொல்லியிருந்தாராம். நானும் கேட்கவென்று போனைப் பெட்டியின் மேல் வைத்து, சத்தமாகக் கேட்கும்படி போட்டார்.

"அண்ணை, குளிர் மெசின் பழுதாப் போச்சு..."

திருத்தியாயிற்று என்று சொல்ல இடம் கிடைக்கவில்லை.

"அப்ப பிறகேன் வைச்சிருக்கிறியள்? இண்டைக்கே எடுங்கோ. என்னைப் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம்."

பாரம் இறக்கிய ஆளின் குரல். அதற்குப் பின்னால் ஒரு பிள்ளை கத்தியது: அப்பா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, என்ரை சப்பாத்து எங்கை?

அக்கா போனை நிறுத்தினார். அழவில்லை.

வெளியே கதிரைகளில் சொந்தக்காரர்கள் காத்திருந்தார்கள். அக்காவின் பெரியப்பா அம்பலவாணர் எழுந்து எங்கள் பக்கம் வருவது கண்ணாடியூடாகத் தெரிந்தது.

"தம்பி, திருத்த ஏலாதெண்டு சொல்லுவீரே?" அக்கா அவசரமாகக் கேட்டார்.

இந்தத் திருத்து வேலைக்கு வந்த பன்னிரண்டு வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத உதவி. வயரைப் பிடுங்கினேன்.

"பழுதாப் போட்டுது ஐயா, இனி ஒண்டும் செய்ய ஏலாது," என்றேன் உள்ளே வந்தவரிடம்.

அவர் தலையில் கை வைத்தார். பாதி வழி வந்த பிள்ளைக்குத் தாயின் முகத்தைப் பார்க்கக் குடுத்துவைக்கவில்லையே என்றார். செய்தி வெளியே போனதும் சனம் பெட்டியை வாய்க்கு வந்தபடி திட்டியது.

சுதாகரனை நினைத்து இரண்டொருவர் அழவும் செய்தார்கள்.