குட்டி ஸ்பீக்கருக்கு ஒரு மரியாதை

ஒரு பாட்டுப் பெட்டியில் மேலே குட்டி ஸ்பீக்கரும் கீழே பெரிய ஸ்பீக்கரும் குடியிருந்தன. தவிலும் மிருதங்கமும் பெரியதின் பொறுப்பு. ஜால்ராச் சத்தமும் பாடகியின் ‘ஸ்’ஸும் குட்டியின் பொறுப்பு. அவற்றை ஊசி மாதிரி தீட்டிக் கொடுப்பதில் குட்டிக்குத் தலைகால் புரியாத பெருமை.

வீட்டுக்காரர் தேவநேசனோ அரை மணி நேரத்துக்கு மேல் பாட்டுக் கேட்டதே இல்லை. காதைத் தேய்த்துக்கொண்டே எழுந்து போய்விடுவார். என் பெருமையை அக்கம்பக்கத்தில் சொல்லத்தான் ஓடுகிறார் என்று குட்டி நினைத்துக்கொள்ளும்.

சத்தத்தைக் குறைத்துப் பார்த்தார். வயரை மாற்றினார். நாற்காலியைத் தள்ளிப் போட்டார். காது குடைச்சல் மட்டும் போகவில்லை.

“கொஞ்சம் அடக்கி வாசியேன்டா, மனுஷனுக்குக் காது வலிக்குதாம்,” என்றது பெரிய ஸ்பீக்கர்.

“என் திறமையைத் தாங்க அவர் காதுக்குத் தெம்பில்லண்ணே. அதுக்கு நான் என்ன பண்ண?”

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவநேசன் கொடியில் கிடந்த கனத்த துண்டை எடுத்து வந்தார். அதை நாலாக மடித்து, குட்டி ஸ்பீக்கர் மட்டும் மறையும்படி பெட்டியின் மேல் தொங்கவிட்டார். பாட்டு இதமாக வந்தது. காதில் கை வைக்காமல் சாய்ந்து உட்கார்ந்து, மதியச் சாப்பாடு வரை கேட்டார்.

துண்டுக்குள்ளிருந்து குட்டியின் குரல் தழுதழுத்தது.

“பாத்தீங்களாண்ணே? எனக்குப் பொன்னாடை போத்திட்டாரு!”

“ஆமாண்டா தம்பி,” என்றது பெரிய ஸ்பீக்கர். “நழுவாமப் பாத்துக்கோ.”