ரெண்டு ஃபேன், நாலு லைட்டு

டிரான்ஸ்ஃபார்மர் எங்கள் தெருவுக்குள் வந்தது. நிற்கவில்லை.

லாரி கடைசி வீட்டையும் தாண்டி, புது அடுக்குமாடிப் பக்கம் திரும்பியபோதுதான் அது எங்களுக்கில்லை என்று உறைத்தது. ஓடிப்போய் மறித்தோம்.

அந்த அடுக்குமாடியில் இன்னும் ஒரு குடும்பம்கூடக் குடிவரவில்லை.

எங்கள் தெருவில் ஆறு வீடு நாற்பத்திரண்டாகிவிட்டது. ஆறு வீட்டுக்கு வைத்த டிரான்ஸ்ஃபார்மர்தான் இன்றும். மாலையானால் வோல்டேஜ் இறங்கி ட்யூப்லைட் கண்ணடிக்கும். தண்ணீர் மேலே ஏறாது.

அக்கா வீட்டில் எட்டுத் தையல் மெஷின். மூன்று மோட்டார் புகைந்து போயிற்று. இந்த மாதமும் பள்ளிச் சீருடை தாமதமானால் ஆர்டர் கைவிட்டுப் போகும். அவளிடம் தைக்க வரும் ஐந்து பெண்களுக்கும் வேலை போகும்.

பின்னால் வந்த ஜீப்பிலிருந்து மின்வாரிய இன்ஜினீயர் இறங்கினார்.

“சாயங்காலம் வந்து என் மெஷினை ஓட்டிப் பாருங்க சார்,” என்றாள் அக்கா. “தைக்காது. பல்லுவலிக்காரன் மாதிரி முனகும்.”

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஜீப் பானட்மேல் ஃபைலை விரித்தார்.

“உங்க தெருவுக்கு லோடே இல்லையேம்மா. கனெக்ஷன் விண்ணப்பத்துல வீட்டுக்கு வீடு ரெண்டு ஃபேன், நாலு லைட்டு. உங்களுதும் அதேதான். மெஷின்னு ஒரு வார்த்தை இல்ல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதாமாதம் இவர்கள் ஆள்தான் வந்து மீட்டர் பார்க்கிறார். அக்கா வீட்டில் துணிக் குவியலைத் தாண்டித்தான் மீட்டரிடம் போகவே முடியும். இத்தனை யூனிட் ரெண்டு ஃபேனிலா ஓடும்? கண்ணால் பார்த்ததைவிடக் காகிதம் பெரிதாம். ஆள் இல்லாத கட்டடத்துக்குக் காகிதத்தில் முந்நூறு ஏசி. அதற்கு டிரான்ஸ்ஃபார்மர்.

இதையெல்லாம் உரக்கவே சொன்னேன். கெட்ட வார்த்தை இரண்டும் சேர்த்து.

இன்ஜினீயர் என்னைக் கண்டுகொள்ளவில்லை. அக்காவின் விண்ணப்பத்தை உருவி அவள் கையில் கொடுத்தார்.

“பொய்யா எழுதிக் கொடுத்தா கனெக்ஷனையே வெட்டலாம், தெரியுமில்ல? யார் வேலை இது?”

மற்ற வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள்.

அக்கா அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

“நான்தான் சார் அப்படி எழுதச் சொன்னேன்.”

அவள் அப்படி எழுதச் சொல்லவே இல்லை. எட்டு மெஷினையும் ஒரு துண்டுத் தாளில் குறித்து, என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து கொடுத்தாள். டெபாசிட் கூடினாலும் பரவாயில்லை, உள்ளதை எழுது என்றாள்.

தெருவுக்கே நான்தான் விண்ணப்பம் எழுதினேன். மற்றவர்கள் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தேன். அவளுக்கு நானாகவே குறைத்தேன். உள்ளதை எழுதினால் பார்வையிட ஆள் வரும், மாதக்கணக்கில் இழுக்கும். இப்படி எழுதியதில் ஒரே வாரத்தில் கனெக்ஷன் வந்தது. தம்பி கெட்டிக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இன்ஜினீயர் அவளுடைய இணைப்பு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

பன்னிரண்டு இலக்கம். அவர் ஒவ்வொன்றாக எழுதி முடிக்கும்வரை, நான்தான் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது.