செத்தபின் ஒரு சிரிப்பு

டிவியின் விண்வெளித் தொடர்களில் தணிகாசலம் சாகாத கிரகம் இல்லை. வாய் மூடிய பச்சை ரப்பர் முகமூடிக்குள் இருந்துகொண்டு இருபது வருடமாகக் கதாநாயகர்கள் கையால் செத்துக்கொண்டிருந்தார். நாளை அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் என்பதால், இந்தத் தொடரின் வேற்றுக்கிரகவாசியை இன்றே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். ஷாட் ஓகே ஆனதும் விளக்குகளை அணைக்க ஆரம்பித்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. விரல்கள் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தன.

"அணைக்காதீங்கப்பா. செத்த ஷாட் எடுத்தா, அந்த ஆளைக் கேமராவப் பாத்து சிரிக்க வச்சுத்தான் அனுப்பணும். இல்லேன்னா அபசகுனம்."

"செத்தது ஏலியன்தானே சார்," என்றார் இயக்குநர் ஷர்மிளா, செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உள்ள படுத்திருக்கிறது நான்தானேம்மா."

அந்தக் குரலைக் கேட்டு ஷர்மிளா நிமிர்ந்தார். பசை போட்டு ஒட்டிய முகமூடியைப் பிரிக்க ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் தளத்தைக் காலி செய்தாக வேண்டும். அப்படியே எடுத்துவிடச் சொல்லி ஒளிப்பதிவாளர் பீட்டருக்குச் சைகை காட்டினார்.

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. தணிகாசலம் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். ரப்பருக்குள் கன்னம் வலிக்க, உதட்டில் வியர்வை கரிக்க, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு காதுவரை வாய் விரியச் சிரித்தார். யாரும் கட் சொல்லவில்லை.

பீட்டர் கேமராவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஓடிட்டுத்தான் சார் இருக்கு. நீங்க சிரிக்கலாம்."