காலி வாளி

“வறுத்துத் தின்னிருப்பா.”

படித்துறையில் எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்.

“சுண்டுவிரல் அளவு மீனு. வறுத்தா சட்டிதான் மிஞ்சும்” என்றது இன்னொரு குரல். சிரிப்பு.

யாரைச் சொல்கிறார்கள் என்று திரும்பாமலே தெரிந்தது. எங்கள் தெருத் தையல்கடை அக்கா காலி வாளியோடு வந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா, இடுப்பில் செருகிய கத்திரிக்கோல். கடையைப் போட்டது போட்டபடி வந்திருக்க வேண்டும்.

சாக்கடை கலந்ததில் எங்கள் ஆற்றிலிருந்து ஏறக்குறைய அற்றுப்போன மீன் அது. தண்ணீர் கொஞ்சம் தெளிந்ததும், பண்ணையிலிருந்து குஞ்சுகளை வாங்கி, வீட்டுக்கொரு தொட்டியில் நாங்கள் வளர்த்தோம். இன்று ஆற்றில் விடும் நாள்.

எங்கள் மீன் வளர்ப்புக் குழுவுக்குத் தலைவி டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை.

“ஏம்மா, மீன் எங்க?”

“செத்துப்போச்சு டீச்சர்.”

“எல்லாமேவா?”

“எல்லாமே.”

“குழாய்த் தண்ணில மருந்து இருக்கு, ஒரு நாள் வெயில்ல வெச்சுட்டுத்தான் தொட்டில ஊத்தணும்னு எத்தனை தடவ சொன்னேன்! வெச்சீங்களா?”

அக்கா ஒரு நொடி டீச்சரின் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தங்கள் வாளியைக் கைக்குழந்தைபோல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றார்.

“மறந்துட்டேன் டீச்சர்.”

“மறந்துட்டீங்க! தட்டி வித்தை காட்ட மட்டும் மறக்கல!”

அது அக்காவின் வழக்கம். தீனி போடுமுன் தொட்டி விளிம்பில் கத்திரிக்கோலால் இரண்டு தட்டு தட்டுவார். மொத்தக் கூட்டமும் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். தெருவே வேடிக்கை பார்க்கும். டீச்சருக்கு மட்டும் பிடிக்காது. “ஆத்துல போய் யாரு தட்டுவா? எங்க வீட்டு மீனுக்கு இந்தச் சத்தமே தெரியாது” என்பார்.

“இனிமே உங்களுக்குக் குஞ்சு கிடையாது. வளர்க்கத் தெரிஞ்சவங்களுக்குக் குடுக்கறேன்.”

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. “அடுத்த தடவ பாத்துக்கறேன் டீச்சர். ஒரே ஒரு தடவ…”

“கிடையாதுன்னா கிடையாதுதான்.”

அக்கா காலி வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

டீச்சர் கணவரிடமிருந்து வாளியை வாங்கி உயர்த்திக் காட்டினார்.

“எல்லாரும் பாருங்க. பேத்தி பொறந்திருக்குன்னு மக வீட்டுக்குப் போய் முந்தாநாள்தான் திரும்பினேன். இவர்தான் பாத்துக்கிட்டார். ஒண்ணுகூடச் சாகல!”

கைதட்டல். மீன்கள் வாளியின் அடியில் ஒண்டிக்கொண்டிருந்தன. டீச்சர் கடைசிப் படியில் குனிந்து வாளியைச் சாய்க்கப் போனார்.

“ஒரு நிமிஷம்” என்றார் கணவர்.

“என்னங்க?”

அவர் அக்காவிடம் கையை நீட்டினார். “அந்தக் கத்திரிக்கோலைக் குடும்மா.”

“வேண்டாம் சார்” என்றார் அக்கா, மெதுவாக. “விடுங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்னுதானே…”

“குடும்மா.”

வாங்கி, வாளி விளிம்பில் இரண்டு தட்டு தட்டினார்.

அடியில் கிடந்த அத்தனை மீனும் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன.



“நீ ஊர்ல இல்லாதப்ப குழாயை நேரா தொட்டில தொறந்து விட்டுட்டேன்” என்றார், மனைவியைப் பார்க்காமல். “காலைல பாத்தா எல்லாம் மெதக்குது. உனக்கு என்ன பதில் சொல்றதுன்னு இந்தம்மா கடையில போய் உக்காந்து அழுதேன்.”

டீச்சர் மீன்களைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். அக்காவை மட்டும் பார்க்க முடியவில்லை.

பிறகு அக்காவின் கையிலிருந்த காலி வாளியைத் தான் வாங்கிக்கொண்டு, மீன் வாளியை அந்தக் கையில் கொடுத்து, கடைசிப் படியிலிருந்து விலகி நின்றார்.