ஆறாவது ஊசிக்குப் பிறகு

"சட்டுபுட்டுனு முடிங்க டாக்டரம்மா. வீட்டுக்காரி காத்துக்கிட்டு இருப்பா" என்றார் அப்பா.

பக்கத்து நாற்காலியில் இருந்த மகள் கைக்குட்டையைத் தேடினாள். அம்மா இறந்து ஆறு வருஷம் ஆகிறது.

"ஃபோன்லயும் இதே பாட்டுதான் டாக்டர். வீட்டுக்காரி திட்டறா, வீட்டுக்காரி கூப்பிடறான்னு. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வரும், வச்சிடுவேன்."

அப்பா முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக். சத்தத்தை வைத்தே எந்த லிஃப்டுக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் இப்போது அடுப்பை அணைக்க மறக்கிறார், சொன்னதையே நாலு தரம் சொல்கிறார். போன மாசம், ஓய்வு பெற்றதையே மறந்து பழைய கம்பெனிக்குப் போய் ஸ்பேனர் கேட்டிருக்கிறார். பாவம், அவர்களும் கொடுத்துவிட்டார்கள்.

விஷயம் கேள்விப்பட்ட மகன் வெளிநாட்டில் இருந்தபடியே முதியோர் இல்லத்தில் இடம் பிடித்துவிட்டான். டாக்டர் 'இனிமே தனியா விடக்கூடாது' என்று ஒரு வார்த்தை சொன்னால், வீட்டுக்குப் பூட்டு. அதற்காகத்தான் மகள் ரயிலிலிருந்து இறங்கிய கையோடு, அப்பாவை வாசலிலேயே டாக்ஸியில் ஏற்றி நேரே இங்கே கூட்டி வந்திருந்தாள்.

"மூணு வார்த்தை சொல்றேன், ஞாபகம் வச்சுக்குங்க. குடை, நாற்காலி, எலுமிச்சை" என்றார் டாக்டர். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டார்.

"குடை..."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மழைதான்." அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாச்சுன்னா ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு அவளே இங்க வந்து நிப்பா."

"பாத்தீங்களா டாக்டர்! எங்கம்மாவுக்கு சைக்கிள்னாலே கைகால் உதறும்!" மகள் இப்போது சத்தமாகவே அழுதாள்.

டாக்டர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "கால் மரத்துப் போகுதா சார்?"

"செருப்பு கழண்டு விழுந்தாகூடத் தெரிய மாட்டேங்குதும்மா."

"வேற ஏதாவது மாத்திரை?"

"நெஞ்செரிச்சலுக்கு ஒண்ணு. தினமும். எட்டு வருஷமா."

"எட்டு வருஷமா? யார் எழுதிக் கொடுத்தது?"

"முதல் மாசம் டாக்டர். மிச்சம் நானே."

ரத்தப் பரிசோதனையில் பி12 வைட்டமின் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"மறதின்னாலே அந்தப் பெரிய வியாதின்னு நாமளே முடிவு கட்டிடக் கூடாதும்மா. பி12 குறைஞ்சாலும் இப்படி வரும், தைராய்டு மந்தமானாலும் வரும். ஒத்துக்காத மாத்திரையால வரும், மனசு சோர்ந்து கிடந்தாகூட வரும். இதெல்லாம் சரி பண்ணக்கூடியது. அப்பா வருஷக்கணக்கா போட்ட நெஞ்செரிச்சல் மாத்திரைதான் பி12-ஐ உடம்புல சேர விடல, அதை நிறுத்திடலாம். வீட்டுப் பக்கத்து கிளினிக்லயே வாரம் ஒரு ஊசி, ஆறு வாரம். அதுவரைக்கும் பூட்டை வாங்காதீங்க."

அப்பா ஒரு ஊசியைக்கூடத் தவற விடவில்லை. ஊருக்குத் திரும்பியிருந்த மகளுக்கு ஃபோனில் அதைக் கேட்டே பாதி உயிர் வந்தது.

ஏழாவது வாரம் மறுபடியும் ரயில், வாசலில் டாக்ஸி, அதே அறை. குடையும் நாற்காலியும் எலுமிச்சையும் வரிசையாக வந்தன. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால், டாக்டர் போதும் போதும் என்ற பிறகும் கழித்தார். கூடவே, "உங்க ஆஸ்பத்திரி லிஃப்ட் ரெண்டாவது மாடியில இழுக்குது, கவனிக்கச் சொல்லுங்க" என்று இலவச ஆலோசனை வேறு.

ஒரே ஒரு கேள்விதான் மிச்சம். மகள் பயந்து பயந்து கேட்டாள். "அப்பா... அம்மா எங்கப்பா?"

அப்பாவின் குரல் தணிந்தது. "என்னம்மா கேள்வி இது? அவ போய் ஆறு வருஷம் ஆகுதே."

மகள் துள்ளிக் குதித்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அம்மா செத்துப்போனதைக் கேட்டு ஒருத்தி இப்படி ஆனந்தக் கூத்தாடி அந்த ஆஸ்பத்திரி பார்த்ததே இல்லை. வாசலில் இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, நமக்கெதுக்கு வம்பு என்று போய்விட்டாள்.

டாக்டர் கை குலுக்கினார். "சார், இனிமே நீங்க தாராளமா தனியா இருக்கலாம்!"

"தனியாவா?" அப்பா சிரித்தார். "வீட்டுக்காரி விட்டுடுவாளா?"

மகள் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் ஊசிக் கணக்கு எழுதிய சீட்டை அவசரமாகப் புரட்டினார்.

"ஏம்மா இப்படி முழிக்கறே? அன்னிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு நீங்க ரெண்டு பேருமே வரலைன்னு அவளுக்கு இன்னும் மனத்தாங்கல்தான். நான்தான் சொன்னேன், பிள்ளைங்களுக்கு என்ன வேலையோ என்னவோன்னு..."

அப்பா சட்டென்று நிறுத்தினார். மகளைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். பிறகு நெற்றியில் படார் என்று அடித்துக்கொண்டார்.

"அடடா! கல்யாணத்துக்கு உங்களைக் கூப்பிடவே மறந்துட்டேன்!"